இருநூற்று அறுபது எழுத்துக்கு மேல்

மார்ச் 1, புதன்

குமரகுரு சார் இன்று என் மேஜைக்கே வந்து நின்றார். ஏதாவது வேண்டுமென்றால் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கூப்பிடுவதுதான் அவர் வழக்கம்.

"பிரபாம்மா, சர்வீஸ் கம்ப்யூட்டர்ல ஞானதுரை ஃபோல்டர் ஒன்னு கெடக்கு இல்ல, அதை க்ளீன் பண்ணிடுங்க. எடத்தை அடைக்குது. மாசக் கடைசில விசாரணை இருக்கு, அதுக்குள்ள எல்லாம் நீட்டா இருக்கட்டும்."

சரி சார் என்றேன்.

ஞானதுரை போய் மூன்று வாரம் ஆகப்போகிறது. எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. லிஃப்ட் பராமரிப்புதான் தொழில். அவர் டெக்னீஷியன், நான் அலுவலகத்தில் டைப்பிங், ரிப்போர்ட் எல்லாம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி கொளத்தூரில் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் குழிக்குள் வேலைக்கு இறங்கினார். மேலே இருந்து லிஃப்ட் வந்துவிட்டது. குழிக்குள் இருக்கிற ஸ்டாப் சுவிட்சைப் போடாமல் அவசரத்தில் இறங்கிவிட்டார் என்று கம்பெனி அறிக்கையில் இருக்கிறது. அறிக்கையை நான்தான் டைப் செய்தேன். அன்று காலை என்னிடம் ஒரு தடவை போனில் பேசினார். வேலை விஷயம்தான்.

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம் போட்டுத் தீர்க்க வேண்டும்.

மார்ச் 2, வியாழன்

ஃபோல்டரைத் திறந்தேன். 1146 ஃபைல். எல்லாம் அவர் ஒவ்வொரு கட்டடத்திலும் மாச ரிப்போர்ட்டுக்காக எடுத்த போட்டோக்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தேன். பச்சைக் கோடு ஓடியது, முக்கால்வாசியில் நின்றது. 'பெயர் மிக நீளம்' என்று ஒரு செய்தி வந்தது. விட்டுவிட்டு மேலே போ என்று கொடுத்தேன். முடிந்தபோது 214 மிச்சம் இருந்தன. போனவற்றை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் காலி செய்தேன். சார் க்ளீன் என்றால் க்ளீன்.

மிச்சத்தில் ஒன்றை மட்டும் அழித்துப் பார்த்தேன். 'இந்தக் கோப்பு இங்கே இல்லை' என்றது. கண் முன்னால் இருக்கிறது. இல்லை என்கிறது. வேறொன்றை அழித்தேன், மறைந்தது. திரையைப் புதுப்பிக்க எஃப் ஐந்தைத் தட்டியதும் அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தது.

இது ஞானதுரையின் பழக்கத்தால் வந்த வினை. மற்ற டெக்னீஷியன்கள் போட்டோவுக்கு 'மோட்டார்', 'கதவு' என்று பெயர் வைப்பார்கள். இவர் ஒரு கடிதமே எழுதுவார். நாலு வருடம் முன்பு ஒரு முறை கேட்டேன். "ஏன் துரை, ஃபைல் பேருன்னா ஒரு வார்த்தை போதாதா?"

"போட்டோவைத் திறந்து பாக்க இங்க யாருக்குக்கா நேரம் இருக்கு? பேரையாவது படிப்பீங்கல்லா" என்றார். நாசரேத் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருடம் சென்னையில் இருந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை.

மார்ச் 3, வெள்ளி

மறுபடி முயன்றேன். 214.

மார்ச் 6, திங்கள்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற நூர்தீனை வரச் சொன்னேன். ஒரு பெயரின் மேல் மவுஸை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், பேய் பிசாசுன்னு பயந்துட்டீங்களா? இது வழி நீளம். வேற ஒன்னும் இல்ல."

"வழி நீளம்னா?"

"ஒரு ஃபைல்கிட்ட போறதுக்கு எத்தனை ஃபோல்டர் தாண்டணுமோ, அத்தனை ஃபோல்டர் பேரும் ஃபைல் பேரும் சேர்த்து இருநூத்தி அறுபது எழுத்துக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா விண்டோஸ் கைய விரிச்சிடும். நம்ம தமிழ்ல கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். சீக்கிரமே தாண்டிடும்."

"அப்ப அவரால மட்டும் எப்படிப் போட முடிஞ்சது?"

"அவர் லேப்டாப்ல இருந்து நெட்வொர்க்ல வந்தாரு. அவருக்கு நேரா உள் ரூம்லயே கதவு வச்சுக் கொடுத்திருந்தேன், நான்தான் வச்சேன். நீங்க வாசல்ல இருந்து நடந்து வர்றீங்க. வாசல், கூடம் எல்லாம் உங்களுக்குக் கணக்குல சேருது."

வெளி ஃபோல்டர்களின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிக் கொடுத்தார். "இப்ப கொஞ்சம் வழி விடும். ஒவ்வொன்னா ரீநேம் பண்ணி, ஒன்னு ரெண்டுன்னு நம்பர் போட்டு அழிச்சிடுங்க. ரொம்ப நீளமானது மட்டும் அடம் பிடிக்கும். அப்ப கூப்பிடுங்க."

போகும்போது, "நல்ல மனுஷன் மேடம் அவரு" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 7, செவ்வாய்

பதினேழு முடித்தேன்.

ரீநேம் செய்ய எஃப் இரண்டைத் தட்டினால் பெயர் முழுக்க நீலமாகிறது. மூன்று வரி, நாலு வரி. நீலம் இருக்கும்போது ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், அத்தனையும் போய்விடும். 1 என்று தட்டினேன். 2 என்று தட்டினேன். பிறகு அழித்தேன்.

நீலமாக இருக்கும் அந்த ஒரு நொடி கண் தானாகப் படித்துவிடுகிறது. பதினேழோடு நிறுத்திவிட்டேன். கழுத்து வலி.

மார்ச் 8, புதன்

மகளிர் தினம். அலுவலகத்தில் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் சார் ரோஜா கொடுத்தார். சர்வீஸ் கம்ப்யூட்டரின் விசைப்பலகை மேல் ரோஜாவை வைத்துவிட்டேன். இன்று அதைத் தொடவில்லை.

மார்ச் 10, வெள்ளி

இன்று ஒன்று புரிந்தது. எழுதினால் கொஞ்சம் தெளியும் என்று எழுதுகிறேன்.

முதல் நாள் மறுபேச்சில்லாமல் அழிந்துபோன தொள்ளாயிரத்துச் சொச்சமும் சின்னப் பெயர்கள். 'எண்ணெய் விட்டாச்சு'. 'பல்பு மாத்தியாச்சு'. சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் அவர் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறார். அழியாமல் நிற்கிற எல்லாமே அவருக்கு நிறையச் சொல்ல இருந்த இடங்கள்.

ஒன்று:

'மூணாவது மாடி கதவு திறந்து கெடக்கும்போதே லிஃப்ட் நகருது நானே நின்னு பாத்தேன் பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஓடி ஓடி ஏறுற வீடு இது இத யாரும் பாக்க மாட்டீங்களா'

ஃபைல் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் ஏற்காது. அதனால் அவர் கேள்விகள் எல்லாம் குறி இல்லாமல் நிற்கின்றன. படிக்கும்போது குரல் மட்டும் கடைசியில் உயர்கிறது. அது என் குரல் இல்லை.

மதியம் ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கிவந்தேன். பெயரை மாற்றினால் சொல் போய்விடும். அதனால் மாற்றுவதற்கு முன் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. இன்று இருபத்தெட்டு எழுதினேன். அவர் எழுதிய மாதிரியே, பிழையோடு.

அழித்த பதினேழில் ஒன்பதுதான் நினைவுக்கு வருகின்றன. அவற்றையும் எழுதினேன். சொற்கள் சரிதானா என்று உறுதியில்லை.

போலீஸில் கேட்டபோது நான் சொன்னது இது: "கொஞ்சம் அவசரமா வேலை செய்யற ஆள்." கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

மார்ச் 11, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பணிமனையில் மெக்கானிக். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உன் வேலை என்ன? டைப் பண்றது. அவங்க சொன்னதை டைப் பண்ணே. நீ என்ன இன்ஜினியரா?"

"மாச ரிப்போர்ட்ல 'திருப்திகரம்'னு போட்டது நான்தானே."

"சார் சொல்லித்தானே போட்டே?"

இல்லை. சார் எதுவும் சொன்னதில்லை. முதல் வருடம் இரண்டு மூன்று இடத்தில் 'கவனிக்க வேண்டும்' என்று போட்டுக் கொண்டுபோனேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு நானாகவே போடுவதில்லை. யாரும் சொல்லி நான் நிறுத்தவில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சிலிண்டர் தீர்ந்தது. புக் செய்தாயிற்று.

மார்ச் 13, திங்கள்

நோட்டில் நூற்றுப் பத்து வரை வந்தேன். அதில் ஒன்று வில்லிவாக்கத்தில் உள்ள ஒரு பிரசவ மருத்துவமனை. ஜனவரி 24 தேதி.

'பிரேக் கட்டை தேஞ்சு இரும்பு தெரியுது இது வயித்துப்பிள்ளைக்காரிங்க வந்து போற இடம் ஆள் நெறைய ஏறினா நிக்க வேண்டிய மாடில நிக்காது கொஞ்சம் கீழ எறங்கித்தான் நிக்கும் இப்ப அரை அடி நாளைக்கு எவ்வளவோ'

பிப்ரவரி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். பிரேக்: திருப்திகரம். என் சுருக்கொப்பம் கீழே இருக்கிறது. ஞானதுரைக்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் போகிறவரைக் கேட்டேன். "எண்ணெய் போட்டுட்டு வந்தேன் மேடம், ஓடுதே" என்றார்.

மதியம் பெர்மிஷன் போட்டுவிட்டு வில்லிவாக்கம் போனேன். யாரையோ பார்க்க வந்தவள் மாதிரி லிஃப்ட் முன்னால் நின்றேன். ஒரு கர்ப்பிணி, அவள் அம்மா, பிளாஸ்க்கோடு ஒரு ஆள், சக்கர நாற்காலி தள்ளுகிற ஆயா. நானும் ஏறினேன். இரண்டாவது மாடி வந்தது. தாண்டி ஏறியது. பிறகு மெதுவாக இறங்கி, தரைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் நின்றது.

"பாத்துக் கால வைம்மா, இது எப்பவும் இப்படித்தான்" என்றார் ஆயா. கர்ப்பிணி என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். அவள் கை சூடாக இருந்தது.

நான் படியில் இறங்கி வந்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"தெரியும் பிரபாம்மா. பார்ட்ஸுக்கு ஆர்டர் போட்டாச்சு. வர ஒரு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் நிறுத்தி வைக்கலாம் சார்."

"ஆஸ்பத்திரில லிஃப்டை ஒரு மாசம் நிறுத்தறதா? அடுத்த நாளே வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. முப்பது குடும்பம் இதை நம்பி இருக்கு. உங்க குடும்பமும்தான்." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க ஏன் அந்தப் பேரையெல்லாம் படிச்சிட்டு இருக்கீங்க? மனசு கெட்டுடும். முதல்ல அந்த ஃபோல்டரை முடிங்க."

வெளியே வந்தபோது சர்வீஸ் கம்ப்யூட்டரின் திரை தானாக அணைந்திருந்தது. மவுஸை அசைத்ததும் 197 பெயர்களும் ஒன்றாக விழித்துக்கொண்டன.

மார்ச் 15, புதன்

நூர்தீனுக்குப் போன் செய்தேன். "அடம் பிடிக்கிறது கொஞ்சம் இருக்கு நூர்தீன். ரீநேமும் ஆகல."

"ஒரு கட்டளை சொல்றேன், எழுதிக்குங்க. அந்த உள் ஃபோல்டருக்கே நேரா ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துடும். 'எக்ஸ்'னு வச்சுக்குங்க. அப்புறம் நீங்க வாசல்ல இருந்து போக வேண்டாம். அவர் எப்படி வந்தாரோ அதே கதவு வழியாப் போவீங்க. அங்க இருந்து அழிச்சா எல்லாம் அழியும்."

"திறக்கவும் திறக்குமா?"

"திறக்கும் மேடம். காப்பியும் ஆகும். பென் டிரைவ்ல ஃபோல்டர் போடாம நேரா வையுங்க, பேர் முழுசா இருக்கும்."

அவர் சொன்னபடி தட்டினேன். எக்ஸ் என்று புதிதாக ஒரு டிரைவ் வந்தது. அதற்குள் அத்தனையும் இருந்தன. ஒன்றைத் தட்டினேன், போட்டோ திறந்தது. ஆறு வருடத்தில் அவர் எடுத்த போட்டோ ஒன்றை நான் திறந்தது இதுவே முதல் தடவை.

கொளத்தூர் குழி. நவம்பர் மாதம். சுவரில் சிவப்பு சுவிட்ச், அதன் மூடி உடைந்து ஒயர் தொங்குகிறது. கீழே தேங்கிய தண்ணீரில் டார்ச் வெளிச்சம். அதில் அவர் நிழல், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

'குழிக்குள்ள ஸ்டாப் சுவிட்ச் வேல செய்யல உள்ள யாரும் எறங்கினா லிஃப்டை நிறுத்த வழியே இல்ல எறங்குறது நாந்தான் அதனால சொல்லுதேன்'

டிசம்பரிலும் எழுதியிருக்க வேண்டுமே என்று தேடினேன். இல்லை. பிறகுதான் உறைத்தது. அந்தப் பதினேழில் ஒன்பதாவதாக நான் நம்பர் போட்டு அழித்தது அதுதான். 'போன மாசமும் எழுதினேன்' என்ற தொடக்கம் மட்டும் நினைவிருக்கிறது.

ஜனவரி 31 தேதியில் ஒன்று. அதே சுவிட்ச்.

'பிரபாக்கா இது உங்களுக்குத்தான் எழுதுதேன் நீங்க போட்டோவத் திறக்கிறது இல்லன்னு தெரியும் பேரப் படிச்சிட்டுமா திருப்திகரம்னு போடுதீங்க'

நான் அதைப் படித்திருக்கிறேன். பிப்ரவரி ஒன்றாம் தேதி காலையில் படித்தேன். சிரித்துக்கொண்டேன்கூட. உரிமையாகக் கோபித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிறகு ரிப்போர்ட்டை டைப் செய்தேன்.

197-ஐயும் பென் டிரைவில் ஏற்றினேன். மிச்சப் பெயர்களையும் நோட்டில் எழுதி முடித்தேன். எதையும் அழிக்கவில்லை.

மார்ச் 16, வியாழன்

தலைவலி என்று லீவ் சொன்னேன். தலை வலிக்கவில்லை.

மார்ச் 17, வெள்ளி

விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரை அந்த மருத்துவமனை லிஃப்ட் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். காலையில் நேராக லிஃப்ட் ஆய்வு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். மனுவைக் கையாலேயே எழுதினேன். அங்கிருந்த அதிகாரி ஒரு பெண். பிரேக் கட்டைப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். தலைப்பில் இருந்ததைப் படித்துவிட்டு, "இது யாரு எழுதினது?" என்றார்.

"ஞானதுரைன்னு எங்க டெக்னீஷியன்."

"அவரை வரச் சொல்ல முடியுமா?"

கொளத்தூர் குழியில் இறந்தவர் அவர்தான் என்றேன்.

சாயங்காலத்துக்குள் லிஃப்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக்கொண்டே, "யாரோ புண்ணியவான் புகார் கொடுத்திருக்கான்" என்று திட்டினார். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

மார்ச் 20, திங்கள்

என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சார் அறைக்குள் கூப்பிட்டார்.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன் பிரபாம்மா? பதினோரு வருஷம்."

"நீங்க ஒன்னும் பண்ணல சார்."

"அப்புறம்?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியது அல்ல அது. டிபன் பாக்ஸ், குடை, டிராயரில் இருந்த மாத்திரை அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று மட்டும், "சாப்டியா?" என்றார்.

மார்ச் 24, வெள்ளி

நூர்தீன் வீட்டுக்கு வந்தார். சர்வீஸ் கம்ப்யூட்டரை அதிகாரிகள் எடுத்துப் போய்விட்டார்களாம். அழிந்தவற்றை மீட்க முடியுமா என்று அவரையே கேட்டிருக்கிறார்கள். பதினேழில் பதினான்கு போட்டோக்கள் கிடைத்தனவாம்.

"பேரு?" என்றேன்.

"பேர் வராது மேடம். வெறும் நம்பர்தான்."

அவர் போன பிறகு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். குழாயை மூடினால் யாரோ பக்கத்தில் பேசி நிறுத்திய மாதிரி இருக்கிறது. திறந்தால் மறுபடி பேச்சு. என்ன சொல் என்று பிடிபடவில்லை. கடைசியில் குரல் உயர்வது மட்டும் தெரிகிறது. வீட்டுக்காரர் வந்து குழாயை மூடிவிட்டு, "தண்ணி வீணாப் போவுது பாரு" என்றார்.

மார்ச் 29, புதன்

விசாரணை. நீளமான மேஜை, ஆறு பேர். சாரும் அவருடைய வக்கீலும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் ஞானதுரையின் மனைவி ஜெபராணி. கொரட்டூரில் ஒரு பள்ளியில் தையல் டீச்சர். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

திரையில் ஒவ்வொரு போட்டோவாகப் போட்டார்கள். பெயர் நீளமாக இருந்ததால் திரையில் பாதிதான் தெரிந்தது. மிச்சம் மூன்று புள்ளியாக நின்றது. "முழுசா யாராவது படிக்க முடியுமா?" என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார். நோட்டு என்னிடம்தான் இருந்தது. எழுந்து நின்று படித்தேன். இருநூறையும் அல்ல, கொளத்தூரும் இன்னும் ஏழு கட்டடங்களும் மட்டும். ஜனவரி 31-ஐயும் படித்தேன். என் பெயரையும் சேர்த்து.

பெயர் இல்லாத பதினான்கு வந்தபோது, "இதுக்குப் பேர் இருந்தது. நான்தான் அழிச்சேன். ஒன்பதாவது அதே சுவிட்ச், டிசம்பர்" என்றேன்.

"சம்பவத்தன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணாரு."

"என்ன சொன்னாரு?"

நாற்பத்தெட்டு நாளாக இதை நான் எங்கேயும் எழுதவில்லை. இந்த டைரியிலும்கூட. "சுவிட்ச் இன்னும் மாத்தல, குழில தண்ணி நிக்குது, மெயினை ஆஃப் பண்ண குடியிருப்புக்காரங்க விட மாட்டேங்கறாங்க, சாரை விட்டு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கக்கான்னு சொன்னாரு."

"நீங்க?"

"சார் மீட்டிங்ல இருக்காரு, நீங்க முடிச்சிட்டு வாங்கன்னேன்."

வக்கீல் ஏதோ எழுதினார்.

"சார் மீட்டிங்ல இல்ல" என்றேன். "ரூம்ல டீ குடிச்சிட்டு இருந்தாரு. காலைலயே கோவமா இருந்தாரு. அப்ப போய்ச் சொல்ல எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். போலீஸ்ல அவரை அவசரக்காரர்னு சொன்னேன். அதுவும் பொய். பொறுமையா, ஒவ்வொரு தடவையும் எழுதி வச்சவரு அவரு."

ஜெபராணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் உட்கார்ந்த பிறகும்.

அவருடைய கவனக்குறைவு என்ற வரியை நீக்கச் சொல்லி உத்தரவு வரும் என்றார்கள். என் மீதும் நடவடிக்கை வரலாம். வரட்டும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

கொரட்டூருக்குப் போனேன். குருத்தோலை ஞாயிறு. ஜெபராணி கோயிலிலிருந்து வந்து அதிக நேரம் ஆகவில்லை. கதவில் ஓலையில் முடைந்த சின்னச் சிலுவை ஒன்று, பச்சையாக. உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலை விட்டு விலகி நின்றாள். அதனால் போனேன்.

"இதைக் குடுக்கலாம்னு வந்தேன்" என்று நோட்டை நீட்டினேன். "கம்ப்யூட்டர்ல இருக்கறது அவங்ககிட்ட இருக்கு. இது நான் கையால எழுதினது. அவர் எழுதின மாதிரியே."

வாங்கிப் பிரித்தாள். இரண்டு பக்கம் படித்தாள். அவள் உதடு அசைந்தது.

"வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூடியில் ஒட்டியிருந்த தாளில் பேனாவால் எழுதியிருந்தது: 'இது உப்பு சீனின்னு நெனச்சுப் போன வாரம் டீ போட்டாச்சு'. "எல்லா டப்பாலயும் இருக்கு. எனக்குத் தூக்கிப் போடவும் முடியல. தெனமும் சமைக்கும்போது படிக்காம இருக்கவும் முடியல."

நான் டப்பாவைத் தொடவில்லை.

"போன்ல நீங்க முடிச்சிட்டு வாங்கன்னு சொன்னதுக்கு அவிய என்ன சொன்னாவ?"

விசாரணையில் யாரும் இதைக் கேட்கவில்லை.

"சரிக்கான்னாரு."

"கோவமாவா?"

"இல்ல. எப்பவும் சொல்ற மாதிரிதான்."

அவள் உப்பு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போடுகிற சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் கடைசியில். "அன்னைக்கு அத்தன பேரு முன்னால. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்னீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா உங்க மொகத்தப் பாக்கும்போது எனக்கு அந்தப் போன்தான் கேக்குது. இனி வராதீங்கக்கா. நோட்டு இருக்கட்டும்."

சரி என்றேன்.

அவள் வீடு இரண்டாவது மாடி. பாதிப் படி இறங்கியபோது கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். நோட்டை வாய்விட்டுப் படிக்கிறாள். அவளுக்கும் அதே ஊர்ப் பேச்சு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இல்லை, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வது மாதிரி, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, சலிக்க வேண்டிய இடத்தில் சலித்து. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு நகரும் லிஃப்டை, மருத்துவமனையை, தண்ணீர் தேங்கிய குழியை எல்லாம் படித்தாள். என் பெயர் எழுதிய பக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது வரும்வரை காத்திருந்தேன்.

வந்தது. "பிரபாக்கா" என்றதும் நிறுத்தினாள். தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இல்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கி, ஒரு சொல் விடாமல் படித்தாள். பிறகு தாளைப் புரட்டி, அடுத்ததைப் படித்தாள்.